மூன்று மடிப்பு வைத்துத் தைத்த சட்டை

786
மருதமுனை
10.08.2010

படம் பிடித்த நிலாந்தினி அவர்களுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. பத்திரிகைக் கந்தோருக்கு அனுப்பினால் உங்கள் கையில் சேரும் என்று ஒருவர் சொன்னார். அதை நம்பி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நீங்கள் எடுத்த படங்கள் வந்திருந்தன. கிழக்கு மாகாணத்து மாணவி, கொழும்பில் படப்பிடிப்புப் படிக்கிறா, சின்னவயதையும் இளவயதின் மீறலையும் வைத்து ஃபேஷன் படம் எடுத்திருக்கிறா என்று கீழே போட்டிருந்தார்கள். அந்தப் பேச்செல்லாம் எனக்கு விளங்காது, அதற்காக எழுதவும் இல்லை. மூன்றாவது படத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி, உதட்டுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு, கடற்கரைக் கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறாள். சிறுபிள்ளைக்குத் தைத்த சட்டை ஒன்றைப் போட்டிருக்கிறாள். அந்தச் சட்டை என் மகளுடையது.

வேறு யாருடையதாவது இருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். பச்சையும் வெள்ளையும் வரியோடின சாரத் துணியில் நானே வெட்டித் தைத்தது. துணி போதவில்லை. அதனால் இடது கையைத் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டினேன். உடம்பிலும் வலது கையிலும் வரி நெடுக்காக ஓடும், இடது கையில் மட்டும் குறுக்காக ஓடும். தைக்கத் தெரிந்த யாரும் விரும்பி அப்படி வெட்டமாட்டார்கள். உங்கள் படத்தில் அது நன்றாகத் தெரிகிறது.

என் மகள் பெயர் றிஸ்மியா. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்று தைத்தேன். கழுத்துப் பட்டியில் பூ வேலை செய்யச் சொல்லி, சம்மாந்துறையில் இருக்கிற என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பெருநாளைக்கு முதல், இரண்டாயிரத்து நாலு மார்கழியில், கடல் ஊருக்குள் வந்தது. வீடு போனது, பிள்ளையும் போனாள். அவளுக்கு அப்போது பத்து வயது. சம்மாந்துறை ஆட்கள் முகாம்களுக்கு உடுப்புச் சேர்த்தபோது ராத்தா வீட்டில் யாரோ இந்தச் சட்டையையும் மூட்டைக்குள் போட்டுவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. அவள் அதை ஒரு நாள்கூடப் போடவில்லை.

அதை எனக்குத் திருப்பித் தாருங்கள். உங்கள் படத்துக்கு எந்த மாதிரிச் சட்டை வேண்டும் என்று எழுதுங்கள், தைத்து அனுப்புகிறேன். போன் எடுக்க வேண்டாம். போனில் கதைத்தால் எனக்கு அழுகைதான் வரும், பக்கத்தில் பிள்ளையின் வாப்பா இருப்பார். எழுதுங்கள்.

சுல்பிகா


வெள்ளவத்தை
24.08.2010

சுல்பிகா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்கு நடந்ததை நினைக்கக் கவலையாக இருக்கிறது. எனக்கும் அதே நாளில்தான் அம்மாவும் அப்பாவும் போனார்கள். கடலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சட்டை என்னுடையது. பாண்டிருப்பில், பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் இருந்தபோது எனக்குக் கிடைத்தது. அந்த நேரம் எங்கிருந்தெல்லாமோ உடுப்பு வந்து குவிந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் முகாமில் இராசதுரை என்று ஒரு கிழவர், வெள்ளைக்காரப் பெண்கள் போடும் ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் மீன் வெட்டினார். அந்தக் குவியலுக்குள் ஒரு சட்டையின் கை குறுக்கே வெட்டப்பட்டிருந்தால், அது உங்கள் கைவேலைதான் என்று எப்படிச் சொல்வது? துணி போதாமல் போனது உங்களுக்கு மட்டும்தானா?

கார்த்திகை மாதம் எனக்கு இறுதி மதிப்பீடு. பன்னிரண்டு படங்கள் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டை இல்லாமல் என் படங்கள் நிற்காது என்று படிப்பிக்கிறவரே சொல்லிவிட்டார். தர முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். உங்கள் மகள் அதை ஒரு நாளும் போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு வருடம் போட்டேன்.

நிலாந்தினி


786
மருதமுனை
04.09.2010

நிலாந்தினிக்கு,

நோன்பு பிடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தைப் படித்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கித்தான் அவருக்குக் கொடுத்தேன்.

சரி. என் கைவேலையா இல்லையா என்று பாருங்கள். சட்டையை உள்பக்கமாகத் திருப்புங்கள். வலது பக்கத் தையலோடு ஒரு சின்னப் பை இருக்கும். வெளியே தெரியாது. பெருநாளைக்குச் சொந்தக்கார வீடுகளில் கொடுக்கிற டொபியெல்லாம் ஒளித்துவைக்க வேண்டுமாம். "வாப்பா கண்டா வாங்கித் திண்டிருவாங்க உம்மா, ஆருக்கும் தெரியாத பை ஒண்டு வைங்க" என்று காலைச் சுற்றிக்கொண்டு நின்றாள். தைத்து முடிந்த பிறகு கேட்டபடியால் வேறு துணியில் வைத்தேன். அது அவளுடைய வாப்பாவின் பழைய நீலச் சேட்டில் வெட்டியது. நீலமா இல்லையா என்று எழுதுங்கள்.

கீழ்ப்பக்கத்தில் மூன்று மடிப்பு வைத்திருந்தேன். பிள்ளை வளர வளர, ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடலாம் என்று வைத்தது. எங்கள் பக்கம் எல்லாரும் வைப்பதுதான். நான் கொஞ்சம் ஆசையாகப் பெரிதாக வைத்தேன்.

ஒரு பழந்துணிக்கு ஏன் இவ்வளவு மன்றாடுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்களிடம் றிஸ்மியாவின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கடலோடு போனது. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. அவள் மௌத்தாகிவிட்டாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அவளுடைய வாப்பாவும் சொல்கிறார். நான் சொல்லவில்லை. எந்தப் பட்டியலிலும் அவள் பெயரைப் போட நான் விடவில்லை. மனதுக்குள் அவளை வளர்த்துக்கொண்டு வருகிறேன். இப்போது அவளுக்குப் பதினாறு. யாரோ எடுத்து வளர்த்திருப்பார்கள், ஒரு நாள் வாசலில் வந்து நிற்பாள் என்று இருக்கிறேன்.

ஆனால் போன வருடம் ஒரு நாள், ஒரு பிள்ளைக்கு அளவெடுக்கும்போது, றிஸ்மியா எவ்வளவு உயரம் இருந்தாள் என்று யோசித்தேன். தெரியவில்லை. என் இடுப்பு மட்டத்துக்கா, நெஞ்சு மட்டத்துக்கா என்று தெரியவில்லை. பெற்ற எனக்குப் பிள்ளையின் அளவு மறந்துபோய்விட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளை நிறுத்தி வைத்து அளந்து வெட்டிய சட்டை அது ஒன்றுதான். அவளுடைய தோள் அதில் இருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

சுல்பிகா


வெள்ளவத்தை
22.09.2010

சுல்பிகா அக்காவுக்கு,

பை நீலம்தான்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். அந்தப் பையை எனக்கு என் கையைத் தெரிந்த மாதிரித் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படி எழுதினேன். சட்டையைக் கொடுக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை. ஆசையால் இல்லை. அதை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

முகாமுக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. எலும்பும் தோலுமாக இருந்தபடியால் அந்தச் சட்டை எனக்குக் கொஞ்சம் இறுக்கமாக ஏறியது. முதலில் சந்தோஷமாகத்தான் போட்டேன். அம்மாவின் அக்கா, தங்கரத்தினம் பெரியம்மா, என்னையும் அண்ணா பிரகாஸையும் எடுத்து வளர்த்தா. இரண்டாயிரத்து ஆறில், டியூஷன் முடிந்து வரும் வழியில் அண்ணாவை இயக்கத்துக்கு ஆள்பிடிக்கிறவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்தது நான் என்று ஊரே சொன்னது. பெரியம்மாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது, என்னைச் சின்னப்பிள்ளையாக வைத்திருப்பது.

பதினைந்து வயதில் எனக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு ரிபன், உங்கள் சட்டை. நெஞ்சை ஒரு துணியால் இறுக்கிக் கட்டிவிடுவா. வளர வளர மடிப்பைப் பிரித்தா, உங்கள் மூன்று மடிப்பையும். ஒழுங்கைக்குள் வாகனச் சத்தம் கேட்டால் நான் முற்றத்தில் உட்கார்ந்து கொக்கான் வெட்ட வேண்டும். அதற்கான ஐந்து கல்லும் எப்போதும் அந்த நீலப் பைக்குள் இருந்தன. ஒருநாள் உண்மையாகவே வந்தார்கள். "இது சின்னப் புள்ள தம்பி, இன்னும் பெரிய புள்ளையாகல்ல, பாருங்க கொக்கான் வெட்டிக்கிட்டு இருக்கு" என்றா பெரியம்மா. ஒருவன் கிட்ட வந்து குனிந்து என்னைப் பார்த்தான். நான் கல்லை எறிந்து பிடித்துக்கொண்டே இருந்தேன். போய்விட்டார்கள்.

நான் பெரிய பிள்ளையானது யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் அதற்கு எவ்வளவு எடுப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கர் கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, சேலை கட்டி, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு அல்பம் செய்வார்கள். என் வயதுப் பிள்ளைகள் எல்லாரிடமும் அந்த அல்பம் இருக்கிறது. எனக்குப் பெரியம்மா கிணற்றடியில் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் வார்த்தா. பிறகு மறுபடியும் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டா. என்னைக் காப்பாற்றினா என்று தெரியும். ஆனால் இரண்டு வருடம் என்னை ஒரு பிள்ளைக்குள் அடைத்து வைத்திருந்தா.

வளர்ந்த பெண்களுக்குச் சின்னப்பிள்ளைச் சட்டை போட்டு நான் படம் எடுப்பது இதனால்தான். எல்லாரும் அதை ஃபேஷன் என்கிறார்கள், சொல்லட்டும். இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது. அதை எடுத்த பிறகுதான் சட்டையைத் தர முடியும். அதுவரை பொறுங்கள்.

நிலாந்தினி

உங்கள் சட்டையை உள்பக்கம் திருப்பியபோது பையின் மூலையில் ஒரு கொக்கான் கல் இருந்தது. நான் எல்லாவற்றையும் எறிந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.


786
மருதமுனை
29.10.2010

நிலாந்தினிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கடைசியாக எடுக்கப் போகிற படம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நேற்றுப் பாண்டிருப்புக்குப் போனேன். அடுத்த ஊர்தான். ஆனால் இத்தனை வருடப் பிரச்சினைக்குள் நான் அந்த ஒழுங்கைகளுக்குள் கால் வைத்ததில்லை. முக்காடு போட்ட பெண் தனியாக வருவதைப் பார்த்து இரண்டு மூன்று பேர் வெளியே வந்து நின்றார்கள். தங்கரத்தினம் வீடு எது என்று கேட்டேன். காட்டினார்கள்.

உங்கள் பெரியம்மா என்னை வாசலில் நிற்க விடவில்லை. "உள்ளுக்கு வந்து இரிங்க புள்ள" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனா. சட்டையைப் பற்றிச் சொன்னதும் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தா. பிறகு உங்கள் அண்ணாவின் படத்தை எடுத்துக் காட்டினா. அதைக் கையில் வைத்துக்கொண்டு வவுனியா முகாம் வாசல்களில் எத்தனை தரம் நின்றேன் என்று சொன்னா. சண்டை முடிந்து ஒன்றரை வருடமாகிறது, உயிரோடு இருக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், இவன் மட்டும் இன்னும் வரவில்லை என்றா. நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும். அவவிடம் காட்டுவதற்கு ஒரு முகமாவது இருக்கிறதே என்று நினைத்தேன்.

கடைசிப் படம் என்ன என்று அவவிடம் கேட்டேன். சொன்னா. நீங்களே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கமெராவுக்கு முன் நின்று கிழிக்கப் போகிறீர்களாம். அவவுக்கும் விருப்பமில்லையாம். தடுத்தால் நீங்கள் வீட்டுக்கே வரமாட்டீர்கள் என்று பயப்படுகிறா.

நிலாந்தினி, கிழிக்க வேண்டாம். உங்களை அடைத்து வைத்தது அந்தச் சட்டை இல்லை, காலம். சட்டைக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு அதே துணியில், அதே வரியில், இடது கையைக் குறுக்கே வெட்டி, ஒரு சட்டை தைத்துத் தருகிறேன். அதைக் கிழியுங்கள், எரியுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இன்றைக்கே துணி வாங்கி வெட்டத் தொடங்குகிறேன். மதிப்பீட்டுக்கு முன் உங்கள் கையில் கிடைக்கும். நான் ஒருவரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை. தோளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

சுல்பிகா


வெள்ளவத்தை
30.10.2010

சுல்பிகா அக்காவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. கோபமாக இருக்கும். மதிப்பீட்டுத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் இனிக் காத்திருக்க முடியவில்லை.

நேற்று எடுத்து முடித்தேன். வேறு யாரையும் வைத்து எடுக்கவில்லை, நானே நின்றேன். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிபன் எல்லாம் போட்டேன். கமெராவைத் தானாக எடுக்கிற மாதிரி வைத்துவிட்டு, தோளில் இருந்து கீழ்வரை கிழித்தேன். கைத்தறித் துணி இலேசாகக் கிழியாது என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் இரட்டைத் தையல் போட்டிருக்கிறீர்கள். பல்லாலும் இழுத்தேன். கிழிந்ததும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. படத்தில் நான் சிரிக்கிறேன். இதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

சட்டை இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர் நீங்கள், பொருத்திவிடுவீர்கள். அடுத்த கிழமை அனுப்புகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் உண்மையில் எனக்கு நெஞ்சு இலேசாக இருக்கிறது, பொய் எழுத முடியவில்லை.

நிலாந்தினி


வெள்ளவத்தை
04.11.2010

அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அது தபாலில் வந்துகொண்டிருந்தபோது நான் இங்கே சிரித்துக்கொண்டு உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை நீங்கள் இந்நேரம் படித்திருப்பீர்கள். அதைத் திரும்ப எடுக்க வழி இல்லை.

நீங்கள் அனுப்பிய புதுச் சட்டையும் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். இடது கையில் வரி குறுக்காக ஓடுகிறது. உள்ளே ஒரு நீலப் பையும் வைத்திருக்கிறீர்கள். கிழிப்பதற்குத் தைத்த சட்டைக்கு எதற்கு அக்கா பை வைத்தீர்கள்?

என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டி வரும். கிழித்த துண்டுகளை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். தோள் நடுவில் பிரிந்திருக்கிறது. நீங்கள் ஒன்றை மட்டும்தான் தொட வேண்டாம் என்று கேட்டீர்கள், நான் அங்கேதான் தொடங்கினேன்.

ஏதாவது எழுதுங்கள். ஏசியாவது எழுதுங்கள். நாளைக்குத் தீபாவளி, பெரியம்மாவிடம் போகவில்லை. அவ என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவா.

நிலாந்தினி


வெள்ளவத்தை
23.11.2010

அக்கா,

நீங்கள் எழுதவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. அதற்குள் சட்டையின் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு நூலைக்கூட நான் எறியவில்லை. கூடவே ஒரு நீளச் சுருள் இருக்கும். அதை விரிக்கும்போது தனியாக இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஸ்டூடியோவின் தரையில் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். வரி வரியோடு சேர வேண்டும், இடது கை குறுக்கே ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். கீழே வந்தபோது மடிப்பு நினைவுக்கு வந்தது. பெரியம்மா பிரித்த இடங்களில் உங்கள் ஊசி போன துளைகள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. அந்தத் துளைகளை ஒன்றோடொன்று சேர்த்து மூன்று மடிப்பையும் திரும்ப மடித்தேன். நான் வளர்ந்த வளர்ச்சி எல்லாம் உள்ளே போய்விட்டது. தரையில் கிடந்தது நீங்கள் ராத்தா வீட்டுக்குக் கொடுத்துவிட்ட அன்று இருந்த சட்டை. அவ்வளவு சிறிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஏணியில் ஏறி நேர் மேலே இருந்து படம் எடுத்தேன். அதைச் சட்டை எந்த அளவோ அதே அளவில் அச்சடித்திருக்கிறேன். சுவரில் வைத்தால் உங்கள் கைவிரலால் அளந்து பார்க்கலாம். கிழிசல் தெரியும், அதை மறைக்கவில்லை. ஆனால் தோள் இருக்கிறது.

மதிப்பீட்டில் நான் சிரிக்கிற படத்தைக் கழற்றிவிட்டு இதைத் தொங்கவிட்டேன். ஆள் இல்லாத சட்டை ஃபேஷன் ஆகாது என்றார்கள். இந்த வருடம் நான் சித்தியடையவில்லை. அடுத்த வருடம் வேறு தொகுப்போடு வரச் சொன்னார்கள்.

அதற்கும் ஒரு யோசனை வந்திருக்கிறது. அண்ணாவின் பள்ளிக்கூட வெள்ளைச் சேட் ஒன்று பெரியம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அதையும் இப்படி விரித்து, அதே அளவில் எடுத்துச் சுவரில் வைக்கலாம் என்று போனில் சொன்னேன். பெரியம்மா உடனே ஓம் என்றா. "அவன் எவ்வளவு உசரம் இருந்தானெண்டு எனக்கும் ஒருக்காப் பார்க்கணும்" என்றா. நத்தார் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது எடுக்கப் போகிறேன். அப்போது உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாமா? வர வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

நிலாந்தினி


786
மருதமுனை
12.12.2010

மகள் நிலாந்தினிக்கு,

பார்சல் வந்தது. உங்கள் சொல்லைக் கேட்காமல் தனியாகத்தான் விரித்தேன்.

சுவரில் ஆணியடித்து மாட்டினேன். எங்கள் வீட்டில் ஆட்களுடைய படம் மாட்டுவதில்லை. இதில் முகம் இல்லாதபடியால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கீழ் விளிம்பு அவளுடைய முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்படிதான் வெட்டினேன், அது நினைவிருக்கிறது. அதனால் தரையில் இருந்து என் கையால் கணக்குப் பார்த்து, அவள் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி மாட்டினேன். பிறகு பக்கத்தில் போய் நின்றேன்.

கழுத்துப் பட்டி என் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறது. தலை என் நெஞ்சில் முட்டும். அவ்வளவுதான் இருந்திருக்கிறாள். தோளின் மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாணோடு தோள் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

நான் ஆறு வருடமாக வளர்ந்துகொண்டே போகிற பிள்ளை ஒன்றைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மகள். கடல் வந்த நேரத்திலும் அவளைக் கொஞ்சம் பெரிய பிள்ளையாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். நீந்தியிருப்பாள், எதையாவது பிடித்திருப்பாள், யாரிடமாவது பெயரைச் சொல்லியிருப்பாள் என்று. தென்னை மரத்தைப் பிடித்திருந்த ஆம்பிளைகளையே இழுத்துக்கொண்டு போன தண்ணீர் அது. இந்தத் தோளோடு ஒரு பிள்ளை அதற்குள் நின்றிருக்காது. ஊர் சொன்னது, ராத்தா சொன்னா, மௌலவி வந்து சொன்னார். ஒருவருடைய சொல்லையும் நான் எடுக்கவில்லை. சுவரில் இருந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

பிள்ளையின் வாப்பா கடைக்குப் போய் வந்து கதவடியில் நின்று பார்த்தார். "இவ்வளவு சின்னதாவா இரிந்த, என்ட புள்ள" என்றார். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அளவை மறந்துதான் இருந்திருக்கிறார். ஆறு வருடமாக நான் வாயில் எடுக்காத, மௌத்தானவர்களுக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியை அன்றைக்கு நான்தான் முதலில் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவளுக்காக யாசீன் ஓதினோம்.

நீங்கள் கிழித்ததில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது போகும் என்று தோன்றவில்லை. துண்டுகளைத் தைக்கவும் இல்லை, கட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மடிப்புகளைத் திரும்ப மடித்தது நீங்கள்தான். நான் கேட்டது இதைத்தான், கேட்டது கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சில நாட்களில் நினைக்கிறேன். வாசல் பக்கம் யாராவது நடந்து வந்தால் முன்பெல்லாம் ஊசியை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை.

விடுமுறைக்கு வாருங்கள். நான் உங்களுக்குத் தைத்து அனுப்பிய சட்டையை எடுத்து வாருங்கள், அதை இனி என்ன செய்வது என்று இருவரும் யோசிப்போம். ஆனால் வரும்போது கமெராவைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பெரியம்மா எவ்வளவு கேட்டாலும் அந்த வெள்ளைச் சேட்டை விரிக்க வேண்டாம். அலுமாரி அப்படியே பூட்டி இருக்கட்டும். அவன் எவ்வளவு உயரம் என்று அவவுக்குத் தெரிய வேண்டாம், மகள். அவ இன்னும் கொஞ்சக் காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.

சுல்பிகா